மேட்ச் பாக்க 500 கிலோமீட்டர்

1/
இன்னிக்கு சுகரும் கிடையாது, பிரஷரும் கிடையாது. ஒரு சினிமா பத்தின த்ரெட்.

2006ல வந்த ஸ்பானியப் படம். பேரு 'லா கிரான் ஃபினால்'. 'மாபெரும் இறுதிப் போட்டி'ன்னு அர்த்தம். இயக்குநர் ஹெரார்டோ ஒலிவாரெஸ். போன ஞாயித்துக்கிழமை டூட்டி முடிஞ்சு வந்து பாத்தேன். நல்லா சிரிச்சேன். படம் முடிஞ்சதும், பல வருஷம் முன்னாடி நான் ஒரு பேஷன்ட் கிட்ட சொன்ன ஒரு வார்த்தை ஞாபகம் வந்து தூக்கம் போச்சு.

ரெண்டையும் சேத்து எழுதறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிங்க.

2/
கதை ரொம்ப சின்னது. 2002 உலகக் கோப்பை கால்பந்து இறுதிப் போட்டி. பிரேசில் - ஜெர்மனி. உலகத்தோட மூணு மூலைல மூணு கூட்டம் அந்த மேட்ச்ச டிவில பாத்தே ஆகணும்னு நிக்குது.

மங்கோலியாவுல கழுகை வெச்சு வேட்டையாடற ஒரு நாடோடிக் குடும்பம். சஹாராவுல ஒட்டகத்தோட போற துவாரெக் மக்கள். அமேசான் காட்டுக்குள்ள ஒரு பழங்குடிக் கூட்டம். இவங்க இருக்கற இடத்துலேர்ந்து பக்கத்து டவுனுக்கு சுமார் 500 கிலோமீட்டர். மூணு கூட்டமும் ஒருத்தர ஒருத்தர் பாத்ததே இல்ல. கடைசி வரைக்கும் பாக்கப் போறதும் இல்ல.

3/
வில்லன் யாரும் இல்லாத படம். கரன்ட் இல்ல, சிக்னல் இல்ல, நேரம் இல்ல. இந்த மூணும்தான் வில்லன்.

நேரக் கணக்கக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஜூன் 30, யோகோஹாமாவுல ராத்திரி 8 மணிக்கு மேட்ச். அதே நிமிஷம் நமக்கு சாயங்காலம் நாலரை. நைஜர்ல நடுப்பகல் 12 மணி, அதுவும் ஜூன் மாசத்து சஹாரா வெயில்ல. பிரேசிலோட மேற்கு அமேசான்ல காலை 7 மணி, பொழுது விடிஞ்சு கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும்.

ஒரே விசில். உச்சி வெயில்ல ஒருத்தன் கேக்கணும், விடிகாலைல ஒருத்தன் கேக்கணும். மேட்ச் யாருக்காகவும் காத்திருக்காது. படத்தோட மொத்த விறுவிறுப்பும் இவ்வளவுதான்.

4/
சஹாரா பகுதில ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

நைஜர் நாட்டுல தெனெரேன்னு ஒரு பாலைவனம். அங்க சுத்துவட்டாரத்துல வேற மரமே இல்லாம ஒத்தையா ஒரு அகாசியா மரம் நின்னுச்சு, நம்ம ஊரு வேல மரத்துக்குச் சொந்தம். ஒட்டகக் கூட்டங்களுக்கு அதுதான் வழிகாட்டி. 1938ல பக்கத்துல கிணறு தோண்டுனப்பதான் தெரிஞ்சுது, அதோட வேர் முப்பது மீட்டருக்கும் கீழ போயி தண்ணியத் தொட்டிருக்கு. 1973ல ஒரு லாரி டிரைவர் வந்து மோதிச் சாச்சுட்டார், குடிபோதைல ஓட்டுனதாச் சொல்வாங்க. அவ்வளவு பெரிய பாலைவனத்துல மோதறதுக்கு இருந்தது அந்த ஒரு மரம்தான்! செத்த மரத்த தலைநகர் நியாமேல இருக்கற மியூசியத்துக்குக் கொண்டுபோயிட்டாங்க. அது நின்ன இடத்துல இரும்புல ஒரு மரம் செஞ்சு நட்டாங்க.

5/
படத்துல நம்ம துவாரெக் ஆளுங்க தேடிப் போறது அந்த இரும்பு மரத்தத்தான். எதுக்கு? ஆன்டெனாவுக்கு!

தண்ணிக்கு வழி காட்டுன மரம் போச்சு, இப்ப அந்த இடத்துல நிக்கற இரும்புல சிக்னல் பிடிக்கறாங்க. யாரும் வசனம் பேசி விளக்கல. டிவியத் தூக்கிட்டு நேரா அங்க போறாங்க. நம்ம வீட்ல தூர்தர்ஷன் காலத்துல மொட்டை மாடில ஒருத்தர் ஆன்டெனாவத் திருப்ப, கீழ ஒருத்தர் "தெரியுது... போச்சு... கொஞ்சம் இடது பக்கம்"னு கத்துனது ஞாபகம் இருக்கறவங்களுக்கு இந்தக் காட்சி வேற நாட்டுக் கதையாவே தோணாது.

6/
இங்க ஒரு ஒப்பீடு.

'காட்ஸ் மஸ்ட் பி கிரேஸி' நம்ம எல்லாரும் பாத்திருப்போம். 1980ல வந்த தென்னாப்பிரிக்கப் படம். வானத்துலேர்ந்து ஒரு கோக் பாட்டில் விழும், கலஹாரி பாலைவனத்து மக்களுக்கு அது என்னன்னே தெரியாது, நாம விழுந்து விழுந்து சிரிப்போம். அந்த சிரிப்பு எங்கேர்ந்து வந்துச்சு? "பாவம், அவங்களுக்குத் தெரியல"ங்கறதுலேர்ந்து.

இந்தப் படத்துல அது கிடையாது. இவங்களுக்கு எல்லாம் தெரியும். ரொனால்டோ யாருன்னு தெரியும், ஜெர்மனி கோல்கீப்பர் எப்படின்னு தெரியும், மேட்ச் எத்தனை மணிக்குன்னு தெரியும். டிவி பாக்க ஒரு பிளக் பாயின்ட் மட்டும்தான் கிடைக்கல. அவங்க அறியாமைய வெச்சு சிரிக்க வெக்கல, அவங்க படற பாட்ட வெச்சு சிரிக்க வெக்கறார். ரெண்டும் ஒண்ணு இல்ல.

7/
டாக்டரா ஒண்ணு சொல்லாம விட முடியல. அந்த கோக் பாட்டில் படத்துல நடிச்ச நமீபியாக்காரர் நிகாவ் உலகம் பூரா தெரிஞ்ச முகம். 2003ல காசநோயால இறந்து போனார்.

அவரப் பாத்து சிரிச்ச கோடிக்கணக்கான பேர்ல நானும் ஒருத்தன். சின்ன வயசுல எத்தனை தடவை பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல. அவர் எதுல இறந்தார்ங்கறது எனக்குத் தெரிஞ்சது டாக்டர் ஆகி பல வருஷம் கழிச்சு.

8/
சரி, 500 கிலோமீட்டர் அலைஞ்சு பாக்கற அளவுக்கு அந்த மேட்ச்ல என்ன இருந்துச்சு? கால்பந்து பிடிக்காதவங்களுக்காக ஒரு மெடிக்கல் பிளாஷ்பேக்.

1998 ஜூலை 12. பாரிஸ் பக்கத்துல இறுதிப் போட்டி, பிரேசில் - பிரான்ஸ். அன்னிக்கு மத்தியானம் ஹோட்டல் ரூம்ல 21 வயசு ரொனால்டோவுக்கு வலிப்பு மாதிரி வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஆடப் போறவங்க பட்டியல் முதல்ல அவர் பேர் இல்லாமதான் வந்துச்சு. டெஸ்ட் எல்லாம் நார்மல்னு சொன்னதும் கடைசி நேரத்துல பேரச் சேத்து இறக்குனாங்க. களத்துல வெறுமனே நடந்துக்கிட்டிருந்தார். பிரான்ஸ் 3-0ன்னு ஜெயிச்சுது.

இன்னிக்கு என் முன்னாடி, சில மணி நேரம் முன்னாடி வலிப்பு வந்த ஒரு பையன் நின்னா, ரோட்ல சைக்கிள் ஓட்டக்கூட அனுமதிக்க மாட்டேன்.

9/
அதோட முடியல. 1999 நவம்பர்ல அவரோட வலது முழங்கால் தசைநாண் கிழிஞ்சுது. முழங்கால் சிப்பியக் கீழ இருக்கற கால் எலும்போட கட்டி வெச்சிருக்கற பட்டை அது. தொடைத் தசை எவ்வளவு பலமா இருந்தாலும் அந்தப் பட்டை இல்லேன்னா காலை நீட்ட முடியாது. வண்டில இன்ஜின் நல்லா இருந்து செயின் அறுந்த மாதிரி.

ஆபரேஷன் பண்ணி, 2000 ஏப்ரல்ல திரும்ப ஆட வந்தார். சில நிமிஷம்தான். பந்தோட ஓடும்போதே அதே தசைநாண் முழுசா அறுந்து கீழ விழுந்தார். அந்த வீடியோவ எலும்பு முறிவு டாக்டர்களே முகத்தத் திருப்பிக்கிட்டுதான் பாப்பாங்க. இனிமே ஆட்டம் முடிஞ்சுதுன்னு பல பேர் சொன்னாங்க.

10/
அப்புறம் 2002. ஏழு மேட்ச்ல 8 கோல். இறுதிப் போட்டில 67வது நிமிஷம், ரிவால்டோ அடிச்ச பந்து ஆலிவர் கான் கைலேர்ந்து நழுவுது, ரொனால்டோ உள்ள தள்றார். 79வது நிமிஷம் இன்னொண்ணு. 2-0. கோப்பை பிரேசிலுக்கு.

ஆக அந்த நாடோடிகள் அலைஞ்சு திரிஞ்சு பாக்கப் போனது வெறும் பந்து விளையாட்டு மட்டும் இல்ல. உடைஞ்சு போயி எழுந்து வந்த ஒரு மனுஷனோட கதையோட கடைசி அத்தியாயம். அத நாளைக்கு யாராவது சொல்லித் தெரிஞ்சுக்கறதுக்கும், நடக்கும்போதே பாக்கறதுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

11/
இதுக்கு அண்ணன் மாதிரி இன்னொரு படம் இருக்கு. 'தி கப்', 1999. எடுத்தவர் பூட்டானைச் சேர்ந்த கியென்ட்சே நோர்பு. இவரே ஒரு பௌத்த லாமா. இமாச்சலப் பிரதேசத்துல பீர்ங்கற ஊர்ல உள்ள திபெத்திய மடத்துல எடுத்தது. நடிச்சவங்க அங்க உள்ள நிஜத் துறவிகள்.

1998 இறுதிப் போட்டிய, அதாவது மேல சொன்ன வலிப்பு வந்த அந்த மேட்ச்ச, குட்டித் துறவிங்க எப்படியாவது பாத்துடணும்னு துடிக்கறாங்க. ஓர்கியென்னு ஒரு வாண்டு, காவி உடைக்குள்ள ரொனால்டோ பேர் எழுதுன பனியன் போட்டிருக்கும். மடத்துல கண்டிப்பான மேற்பார்வைத் துறவி ஒருத்தர். பெரியவர் கிட்ட போயி, ரெண்டு நாடு ஒரு பந்துக்காகச் சண்டை போடறாங்க, ஜெயிச்சா கோப்பை கிடைக்கும்னு அவர் விளக்கற இடத்துல வயிறு வலிக்கச் சிரிச்சேன்.

12/
இந்த ரெண்டாவது படத்துல ஒரு முக்கியமான இடம் இருக்கு.

டிவியும் டிஷ்ஷும் வாடகைக்கு எடுக்கப் பணம் பத்தல. திபெத்துலேர்ந்து புதுசா வந்த நீமாங்கற சின்னப் பையன் கிட்ட ஒரு வாட்ச் இருக்கு. அம்மா குடுத்தது. ஓர்கியென் அத நச்சரிச்சு வாங்கிக் கடைல அடகு வெச்சுடறான். மேட்ச் ஓடுது. எல்லாரும் கத்தறாங்க. ஓர்கியெனால பாக்க முடியல. வாட்ச்ச மீட்க முடியலன்னா அந்தப் பையன் என்ன ஆவான்னு மனசு அடிச்சுக்குது. எழுந்து போயி, விக்கறதுக்குத் தன் கிட்ட என்ன இருக்குன்னு தேட ஆரம்பிச்சுடறான்.

இத ஏன் சொல்றேன்னா, சந்தோஷத்துக்கு ஒரு விலை இருக்கு, சில சமயம் அத வேற யாரோ குடுக்கறாங்கன்னு அந்தப் படம் மறைக்காம சொல்லுது. டிவி ஆசைய நான் கண்ண மூடிக்கிட்டு ஆதரிக்கல.

13/
இப்ப என் கதை.

நான் வேலைக்குச் சேந்த புதுசு. மலையடிவாரத்துல ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். மாசத்துல ஒரு நாள் மேல இருக்கற குடியிருப்புக்குப் போயி கேம்ப் நடத்தணும். ஜீப் போற வரைக்கும் ஜீப், அப்புறம் நடை. பன்னண்டு வீடு. நல்ல கழிப்பறை கிடையாது. தண்ணி ஓடைலேர்ந்து சுமக்கணும். ஒரே ஒரு வீட்டுக் கூரை மேல மட்டும் பளபளன்னு ஒரு டிஷ்.

அந்த வீட்ல ஒரு கர்ப்பிணி. ஐந்தாவது மாசம். ஹீமோகுளோபின் 7.2. நாக்கு, கண்ணு எல்லாம் வெளுத்துப் போயிருக்கு.

14/
"என்னம்மா சாப்பிடற?"ன்னு கேட்டேன். சோறு, ரசம், எப்பவாவது கீரைன்னு சொல்லுச்சு. முட்டை, பேரீச்சம்பழம், பயறு இதெல்லாம் சாப்பிடணும்னு சொன்னேன். காசு இல்ல சார்னு தலையக் குனிஞ்சுக்கிட்டு சொல்லுச்சு.

நான் நிமிந்து அந்த டிஷ்ஷப் பாத்தேன். "டிஷ் மாட்ட மட்டும் காசு இருக்கா?"ன்னு கேட்டேன்.

கோவமாக்கூட கேக்கல. சிரிச்சுக்கிட்டே கேட்டேன். கூட வந்தவங்களும் சிரிச்சாங்க. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் குடுத்துட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டேன்.

15/
அடுத்த மாசம் கேம்ப்புக்கு அந்தப் பொண்ணு வரல. அதுக்கு அடுத்த மாசமும் வரல. வீட்டுக்குப் போனா கதவு சாத்தியிருக்கும். காட்டுக்கு விறகுக்குப் போயிருக்குன்னு பக்கத்து வீட்ல சொல்வாங்க.

எட்டாவது மாசம் மூச்சு வாங்கிக்கிட்டு, கால் வீங்கி, கட்டில்ல வெச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. ஹீமோகுளோபின் 5.8. இதயம் திணற ஆரம்பிச்சிருந்துச்சு. ஆம்புலன்ஸ் வெச்சு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, பாத்துப் பாத்து மெதுவா ரத்தம் ஏத்தி, தாயும் பிள்ளையும் பிழைச்சாங்க. பிழைச்சாங்கங்கறதாலதான் இத உங்க கிட்ட எழுத முடியுது.

16/
எங்க கிராம சுகாதார செவிலியர் அக்காதான் அப்புறமா சொன்னாங்க.

"சார், தப்பா நெனைக்காதீங்க. அன்னிக்கு நீங்க டிஷ்ஷப் பத்தி கேட்டீங்கல்ல, அதுக்கு அந்தப் பொண்ணு ரொம்ப வெக்கப்பட்டுப் போச்சு. டாக்டர் திருப்பிக் கேப்பாருன்னு மாத்திரை வாங்கக்கூட வரல. அந்த டிஷ் அவங்களது இல்ல சார். பன்னண்டு வீடும் சேந்து போட்டது. அவங்க வீட்டுத் திண்ணை பெருசு, எல்லாரும் உக்கார முடியும், அதான் அங்க மாட்டியிருக்காங்க."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. ஒரு டாக்டர் பாத்த உடனே முடிவு கட்டக்கூடாதுன்னு முதல் வருஷத்துலேயே சொல்லித் தர்றாங்க. நான் கூரையப் பாத்தே முடிவு கட்டிட்டேன். தீர்ப்பும் தப்பு, தகவலும் தப்பு.

17/
இப்ப நீங்க கேக்கலாம். "டாக்டர், டிஷ் அவங்களதாவே இருந்திருந்தா? அப்ப நீங்க கேட்டது நியாயமா?"

அப்பவும் நியாயம் இல்ல. ஏன்னு சொல்றேன்.

பொருளாதார நோபல் வாங்குன அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ரெண்டு பேரும் 2011ல எழுதுன 'புவர் எகனாமிக்ஸ்' புத்தகத்துல மொராக்கோ கிராமத்து மனுஷர் ஒருத்தர் வருவார். கையில இன்னும் கொஞ்சம் காசு வந்தா என்ன செய்வீங்கன்னா, சாப்பாடு வாங்குவேன்னு சொல்வார். உள்ள போயிப் பாத்தா வீட்ல டிவி, டிஷ், டிவிடி பிளேயர் எல்லாம் இருக்கு. அப்புறம் இது எதுக்குன்னு கேட்டா, சாப்பாட்ட விட டிவி முக்கியம்னு சிரிச்சுக்கிட்டே சொல்றார்.

அந்த ரெண்டு பேரும் அவரத் திட்டல. வேலை வருஷத்துல சில நாள்தான் கிடைக்கற ஊர்ல, மத்த நாள் பூரா ஒரு மனுஷன் எப்படிப் பொழுதக் கழிப்பான்னு யோசிச்சாங்க.

18/
தமிழ்நாட்டுல இலவச கலர் டிவி குடுக்க ஆரம்பிச்சதும் இந்தப் படம் வந்த அதே 2006லதான். அப்ப நான் மெடிக்கல் காலேஜ் மாணவன். ஹாஸ்டல் மெஸ்ல உக்காந்து "சோத்துக்கே வழியில்லாதவனுக்கு டிவி எதுக்கு?"ன்னு பேசுன கூட்டத்துல நானும் இருந்தேன். பேசிக்கிட்டே மெஸ் டிவில கிரிக்கெட் பாத்துக்கிட்டிருந்தோம்!

அந்தத் திட்டம் சரியா தப்பான்னு அரசியல் பேச நான் வரல. நமக்குக் கேள்வி கேக்காம கிடைக்கற ஒரு சந்தோஷத்துக்கு, இல்லாதவன் மட்டும் ஏன் பதில் சொல்லணும்னு கேக்கறேன். என் வீட்ல எத்தனை இன்ச் டிவின்னு எந்த டாக்டரும் என் கிட்ட கேட்டதில்ல.

19/
மருத்துவத்துக்கு வருவோம்.

1948ல உலக சுகாதார நிறுவனம் ஆரோக்கியத்துக்குக் குடுத்த விளக்கம், உடல் மட்டும் இல்ல, மனசும் சமூகமும் நல்லா இருக்கறதுதான் ஆரோக்கியம்னு சொல்லுது. அந்த மூணாவது வார்த்தைய நாங்க பரீட்சைல எழுதி மார்க் வாங்கிட்டு மறந்துடுவோம்.

2010ல 148 ஆய்வுகளச் சேத்து, 3 லட்சத்து 8 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களோட தகவல அலசுனாங்க. நல்ல உறவும் கூட்டமும் இருக்கறவங்க, அந்த ஆய்வுக் காலத்துல உயிரோட இருக்கற வாய்ப்பு மத்தவங்கள விட 50 சதவீதம் கூட. டிவி பாத்தா ஆயுசு கூடும்னு இதுக்கு அர்த்தம் இல்ல. ஆனா மனுஷனுக்கு மனுஷன் வேணுங்கறது ஆடம்பரம் இல்ல, உடம்பு சம்பந்தப்பட்ட தேவைங்கறதுக்கு இது போதும்.

20/
அந்தப் பன்னண்டு வீட்டுத் திண்ணையும், சஹாராவுல இரும்பு மரத்துக்கு அடில உக்காந்த கூட்டமும் எனக்கு இப்ப ஒண்ணாத்தான் தெரியுது.

ஸ்கோர் மட்டும் வேணும்னா ரேடியோல கேக்கலாம், டவுனுக்குப் போயிட்டு வர்றவர் கிட்ட விசாரிக்கலாம். அவங்க அதுக்காக அலையல. உலகம் பூரா மூச்சப் பிடிச்சுக்கிட்டு பாக்கற அந்த நிமிஷத்துல நாங்களும் இருக்கணும், எங்களையும் சேத்துக்கோங்கன்னு கேக்கறாங்க. ரேஷன் கார்டுல பேர் சேக்கச் சொல்லி மனு குடுக்கற மாதிரிதான். இதுக்கு மனு குடுக்க ஆபீஸ் இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

21/
மங்கோலியாவப் பத்தி ஒரு நல்ல செய்தி. அங்க அரசாங்கம் நாடோடிக் குடும்பங்களுக்கு மடிச்சு எடுத்துட்டுப் போற மாதிரி சோலார் கருவி குடுக்கற திட்டத்த 2000ல ஆரம்பிச்சுது. உலக வங்கியும் உதவுச்சு. 2012க்குள்ள ஒரு லட்சம் குடும்பத்துக்கு மேல போயிச் சேந்துடுச்சு. 'கெர்'ங்கற கம்பளிக் கூடாரத்துக்கு வெளில சோலார் தகடு, உள்ள விளக்கு, செல்போன் சார்ஜர், டிவி.

அந்தத் திட்டத்த வகுத்தவங்க "டிவி பாக்க மாட்டேன்னு எழுதிக் குடு, அப்பதான் கரன்ட்"னு சொல்லல. அதே கரன்ட்ல பிள்ளை படிக்கும், அதே கரன்ட்ல போன் சார்ஜ் ஆகி பிரசவத்துக்கு ஆள் கூப்பிட முடியும். இந்த சுவிட்ச் தேவை, அந்த சுவிட்ச் ஆடம்பரம்னு பிரிக்கவே முடியாது. தடுப்பூசிய 2 முதல் 8 டிகிரில வெச்சுக் காப்பாத்தப் போராடற எங்களுக்கு இது நல்லாத் தெரியும். கரன்ட் வந்த ஊருக்கு மத்தது எல்லாம் கொஞ்சம் சீக்கிரம் வந்து சேரும்.

22/
படத்துல குறையே இல்லையான்னா, இருக்கு.

கழுகு, ஒட்டகம், காடு எல்லாம் கண்ணுக்கு அவ்வளவு அழகு. அந்த அழகுல அவங்க வாழ்க்கையோட கஷ்டம் கரைஞ்சு போயிடுது. வெளியாட்கள் கொண்டு வந்த அம்மையிலும் காய்ச்சல்லயும் அமேசான் பழங்குடிகள் கூட்டம் கூட்டமா செத்துப்போன வரலாறு இருக்கு. அவங்களுக்கு வெளி உலகம்னா டிவி மட்டும் இல்ல. ஐரோப்பாவுல சோபால சாஞ்சு இந்தப் படத்தப் பாக்கறவர், "ஆஹா, எல்லாரும் ஒண்ணுதான்"னு கண்ணத் துடைச்சுக்கிட்டுப் போயித் தூங்கிடலாம்.

23/
அந்தக் குறை இயக்குநருக்கே தெரிஞ்சிருக்கும் போல. அடுத்த வருஷம், 2007ல, அவர் எடுத்த படம் '14 கிலோமீட்டர்'. ஆப்பிரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவுல இருக்கற கடலோட அகலம் அது. நைஜர்ல மெக்கானிக் வேலை பாக்கற, கால்பந்து ஆட்டக்காரன் ஆகணும்னு ஆசைப்படற ஒரு இளைஞன், அதே பாலைவனத்தத் தாண்டி ஐரோப்பாவுக்குப் போகப் பாடுபடற கதை. சிரிப்பு கிடையாது. ஸ்பெயின்ல வயாடோலிட் திரைப்பட விழாவுல முதல் பரிசு வாங்குச்சு.

முதல் படத்துல ஜப்பான்லேர்ந்து கிளம்புன மேட்ச் ஒரு வினாடில அந்த மணலுக்கு வந்து சேருது. ரெண்டாவது படத்துல அந்த மணல்ல இருக்கறவன் 14 கிலோமீட்டர் கடலத் தாண்ட உயிரப் பணயம் வெக்கறான். ரெண்டையும் சேத்துப் பாத்தாதான் கணக்கு முழுசாகும்.

24/
டாக்டர்ங்கற முறைல எச்சரிக்கையும் சொல்லணும், இல்லேன்னா கமென்ட்ல நீங்க விட மாட்டீங்க.

2006 உலகக் கோப்பை ஜெர்மனில நடந்துச்சு. மியூனிக் சுத்துவட்டாரத்துல செஞ்ச ஆய்வு 2008ல வந்துச்சு. ஜெர்மனி ஆடுன நாட்கள்ல இதய அவசர சிகிச்சைக்கு வந்தவங்க எண்ணிக்கை, சாதாரண நாட்கள விட 2.66 மடங்கு. மேட்ச் ஆரம்பிச்சு முதல் ரெண்டு மணி நேரத்துலதான் அதிகம்.

அதனால ஏற்கனவே இதய நோய் இருக்கறவங்க மேட்ச் அன்னிக்கு மாத்திரையத் தவற விடாதீங்க. சிகரெட்டக் கையில எடுக்காதீங்க. நெஞ்சு வலிச்சா "பெனால்டி முடியட்டும்"னு உக்காந்திருக்காதீங்க. கிளம்புங்க.

25/
இன்னொண்ணு. திண்ணைல அம்பது பேர் சேந்து ஒரு டிவி பாக்கறதும், ராத்திரி ரெண்டு மணிக்குப் போர்வைக்குள்ள ஒருத்தன் தனியா போன் பாக்கறதும் ஒண்ணு இல்ல. முதல்ல சொன்னது கூட்டம் சேக்குது. ரெண்டாவது தூக்கத்தையும், பெட்டிங் ஆப் இருந்தா சம்பளத்தையும் தின்னுடுது.

இந்த ரெண்டு படத்துலேயும் யாருமே தனியா மேட்ச் பாக்கல. 'தி கப்' படத்துல மேட்ச் நடுவுல கரன்ட் போயிடும். உடனே துறவிங்க எல்லாம் சேந்து சுவத்துல கை நிழல் வெச்சு விளையாட ஆரம்பிச்சுடுவாங்க. டிவி அணைஞ்சும் கூட்டம் கலையல. அவங்களுக்கு வேண்டியது என்னன்னு அந்த ஒரு காட்சில தெரிஞ்சுடும்.

26/
கடைசியா, என்ன மாதிரி வேலை பாக்கற டாக்டர், செவிலியர், ஆசிரியர், அலுவலர் எல்லாருக்கும்.

இல்லாதவங்க வீட்ல ஒரு டிவி இருந்தா, ஒரு நல்ல போன் இருந்தா, பிள்ளை காலில புது ஷூ இருந்தா, "இதுக்கு மட்டும் காசு இருக்கா?"ன்னு கேக்காதீங்க. சிரிச்சுக்கிட்டுக்கூட கேக்காதீங்க. கேட்டா அந்தப் பொருள் அவங்க வீட்ட விட்டுப் போகாது. அவங்க உங்க ஓபிக்கு வர்றதுதான் நின்னு போகும். ஹீமோகுளோபின் 7.2லேர்ந்து 5.8க்கு இறங்குனது சாப்பாட்டால மட்டும் இல்ல. என் வாயாலயும்தான்.

27/
அந்தக் குடியிருப்புக்கு அப்புறம் ரெண்டு வருஷம் போனேன். கேம்ப்ப சாயங்காலமா மாத்தினோம். எல்லாரும் டிவி பாக்கக் கூடற நேரம். விளம்பர இடைவேளைல எங்க அக்கா ரத்த சோகை பத்திப் பேசுவாங்க, மாத்திரை குடுப்பாங்க. முன்னாடி வராதவங்களும் வந்தாங்க.

அந்தப் பொண்ணும் வந்துச்சு, இடுப்புல பிள்ளையோட. நான் மன்னிப்பு கேட்டேன். "அதெல்லாம் விடுங்க சார், தள்ளி உக்காருங்க, பின்னாடி இருக்கறவங்களுக்கு டிவி மறைக்குது"ன்னு சொல்லுச்சு.

தள்ளி உக்காந்தேன்.

படம் கிடைச்சா குடும்பத்தோட பாருங்க. தனியா பாக்காதீங்க.